வாசகர் கேள்வி பதில்: சண்டர்லாந்து ஆடிய அந்த 46 ஆட்டங்கள்

போன இதழில் சண்டர்லாந்து என்ற இங்கிலாந்து கால்பந்து கிளப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். 2017இல் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய அந்த அணி, மறுவருடமே இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பிலும் கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் டிவிஷனுக்குப் போய்விட்டது என்பதுதான் அந்தப் பதில். அது போதவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், சிலர் கொஞ்சம் கோபமாகவே. சரி, இந்த முறை முழுப் பக்கமும் அந்த ஒரு சீசனுக்கே.

கேள்வி: பெரிய லீக்கில் பத்து வருடம் ஆடிய அணி, அடுத்த டிவிஷனில் சுலபமாக ஜெயிக்க வேண்டாமா? கடைசி இடம் எப்படி?

பதில்: எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் டிவிஷன் இறங்கும்போது, மேலே ஆடிய அதே அணி கீழே வருவதில்லை. சண்டர்லாந்து 2016-17இல் 38 ஆட்டங்களில் அடித்தது மொத்தமே 29 கோல், அதில் 15 கோல் ஜெர்மைன் டிஃபோ ஒருவர் அடித்தது. அணி இறங்கினால் இலவசமாகப் போகலாம் என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது, அதன்படி போர்ன்மத்துக்குப் போய்விட்டார். வாராவாரம் அணியைத் தாங்கிப் பிடித்த கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்டனுக்கு விற்றார்கள், 25 மில்லியன் பவுண்டு, பிறகு 30 வரை ஏறலாம் என்ற கணக்கில். அவர் அந்த மண்ணிலேயே வளர்ந்த பையன், கிளப்பின் அகாடமி தயாரிப்பு. அந்தப் பணத்தில் புது அணி கட்டினார்களா என்றால், இல்லை. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் லோனில் (வேறு கிளப்பிலிருந்து கொஞ்ச காலத்துக்குக் கடனாக) வந்தவர்கள், இலவசமாக வந்தவர்கள், அல்லது மிகக் குறைந்த விலைக்கு வந்தவர்கள். கோல் அடிக்கிறவரும் போனார், கோலைத் தடுக்கிறவரும் போனார், மேனேஜர் டேவிட் மோயஸும் மே மாதமே ராஜினாமா செய்துவிட்டார். மிஞ்சியது பெரிய சம்பளம் வாங்கும் பழைய ஆட்கள் கொஞ்சம், அனுபவமே இல்லாத இளம் பையன்கள் கொஞ்சம், நடுவில் அவசரத்துக்குப் பிடித்த ஆட்கள்.

எதிரே வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று மூச்சு விட நேரமில்லாமல் போகும். மேலிருந்து வந்த அணி என்றால் எல்லோருக்கும் அதை ஜெயித்துக் காட்ட ஆசை, அதனால் எந்த மைதானத்துக்குப் போனாலும் அன்றைக்குத்தான் அங்கே கூட்டம் அதிகம், சத்தம் அதிகம். தோற்றுத் தோற்றுப் பழகிய மனதோடு அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்த சீசன்தான் பாடம்: 7 வெற்றி, 16 டிரா, 23 தோல்வி, 37 புள்ளி.

கேள்வி: குற்றம் யாருடையது? அந்த சீசனின் மேனேஜர் சைமன் கிரேசனா, நடுவில் வந்த கிறிஸ் கோல்மனா?

பதில்: இரண்டு பேருமே இல்லை என்பேன், இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

2011 நவம்பரில் மேனேஜர் ஸ்டீவ் புரூஸை அனுப்பினார்கள். அப்புறம் மார்ட்டின் ஓ'நீல், பாவ்லோ டி கானியோ, குஸ் போயட், டிக் அட்வகாட், சாம் அலர்டைஸ், மோயஸ். ஆறு வருடத்துக்குள் இத்தனை பேர். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆட்களை வாங்குவார், அவர் போனதும் அடுத்தவருக்கு அந்த ஆட்கள் பிடிக்காது, சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 2013இல் 17ஆம் இடம், பிறகு 14, 16, மறுபடி 17. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே மாதத்தில் உயிரைக் கொடுத்துத் தப்பித்தார்கள், தப்பித்ததைக் கொண்டாடினார்கள், அடுத்த ஆகஸ்டில் அதே இடத்தில் வந்து நின்றார்கள். 2016இல் அலர்டைஸ் கொஞ்சம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்து அணியே அவரை அழைத்துக்கொண்டது. அது கிளப்பின் துரதிர்ஷ்டம்தான், அதை மறுக்க முடியாது.

கிரேசன் கையில் கிடைத்தது இந்த மிச்சம். 15 லீக் ஆட்டத்தில் அவர் ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஆகஸ்டில் நார்விச்சை அவர்கள் ஊரிலேயே 3-1. அக்டோபர் 31 அன்று போல்ட்டனோடு சொந்த மைதானத்தில் 3-3 டிரா முடிந்த கையோடு, அன்று இரவே அவரை நீக்கினார்கள். நவம்பரில் கோல்மன் வந்தார். 2016 யூரோவில் வேல்ஸை அரையிறுதி வரை கொண்டுபோனவர், இந்த நிலையில் இருந்த ஒரு கிளப்புக்கு வர ஒப்புக்கொண்டதே எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது. வந்தவர் கேட்ட ஆட்களை வாங்கித் தர, சீசன் நடுவில் ஆட்களை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜனவரியில் பணம் இல்லை. ரசிகர்களுக்குக் கடைசிவரை அவர் மேல் கோபம் வரவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியும் யார் காரணம், யார் மாட்டிக்கொண்டவர் என்று.

உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் தன் சொந்தப் பணத்தை வருடக்கணக்கில் கொட்டினார் என்பதும் உண்மை. 2018இல் கிளப்பை விற்றபோது கடனைத் தீர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த 2017-18 சீசன் முழுக்க, விற்கப் போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள் என்கிற மாதிரிதான் கிளப் நடந்தது. என் கோபம் அதன் மேல்தான்.

கேள்வி: இறங்கும் அணிகளுக்குப் பாராசூட் பணம் கொடுக்கிறார்களே, அது எங்கே போனது?

பதில்: நல்ல கேள்வி. பிரீமியர் லீக் தன் டிவி வருமானத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கு ஒன்று உண்டு. இறங்கிய அணிக்கு முதல் வருடம் அந்தப் பங்கில் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20 என்று கொடுத்துக்கொண்டு வந்தார்கள். முதல் வருடத் தொகை மட்டும் 40 மில்லியன் பவுண்டுக்கு மேல். அதே டிவிஷனில் இந்தச் சலுகை இல்லாத அணிக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து வரும் உதவித்தொகை இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கேட்டால் அநியாயமாக இருக்கும், பலர் அநியாயம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் சண்டர்லாந்துக்கு 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கடன், அதற்கு வட்டி, மேலே பிரீமியர் லீக் காலத்துச் சம்பளம். பாராசூட் பணம் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போதவில்லை. ஜாக் ராட்வெல் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: 2014இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வந்தவர், இறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி அவர் ஒப்பந்தத்தில் இல்லை, வாரம் 70,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. அந்த சீசனில் அவர் ஆடியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லிக் கேட்டார்கள், அவர் மறுத்தார். ஊரே அவரைத் திட்டியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையெழுத்துப் போட்டது இரண்டு தரப்பும்தானே? அப்போதே உயிரைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டிருந்த கிளப், இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதாமல் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரு வருடம் முழுக்க சொந்த மைதானத்தில் ஜெயிக்கவே இல்லையாமே, உண்மையா?

பதில்: உண்மை, ஒரு நாள் மட்டும் குறைவு. 2016 டிசம்பர் 17 அன்று வாட்ஃபோர்டை 1-0 என்று ஜெயித்தார்கள். அதற்கு அடுத்த வெற்றி 2017 டிசம்பர் 16, ஃபுல்ஹமுக்கு எதிராக, அதுவும் 1-0. நடுவில் 364 நாள். கோல் அடித்தது ஜாஷ் மாஜா, 18 வயதுப் பையன், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அடித்தது. அந்த விசில் ஊதியபோது மைதானம் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தால் ஏதோ கோப்பையே ஜெயித்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். ஒரு வருடமாக ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் காசு கொடுத்து வந்து, குளிரில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள்.

இதில் எனக்கு மனதைப் பிசைவது வேறொன்று. அந்த சீசனில் சொந்த மைதானத்தில் கிடைத்த வெற்றி மொத்தமே மூன்று: ஃபுல்ஹம், ஹல் சிட்டி, கடைசி நாளில் வுல்வ்ஸ். இதில் ஃபுல்ஹம் பிளே-ஆஃப் (மேலே ஏறக் கடைசி ஓர் இடத்துக்கு நடக்கும் ஆட்டங்கள்) ஜெயித்துப் பிரீமியர் லீக்குக்குப் போன அணி. வுல்வ்ஸ் அந்த வருடச் சாம்பியன், அவர்களை 3-0 என்று அடித்தார்கள். அப்படி ஜெயிக்கத் தெரிந்த அணிதான் தன்னோடு தடுமாறிக்கொண்டிருந்த அணிகளிடம் தோற்றது. வெளியூரில் டெர்பியை 4-1 என்று ஜெயித்ததும் இதே சீசனில்தான், மார்ச் கடைசியில்.

கேள்வி: தடுப்பாட்டம் மோசமா, தாக்குதல் மோசமா?

பதில்: எண்களே சொல்லிவிடும். அடித்தது 52, வாங்கியது 80. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கடைசி நாளில் தப்பித்து 21ஆம் இடத்தில் முடித்த போல்ட்டன் அடித்தது வெறும் 39 கோல். அதாவது சண்டர்லாந்து, தப்பித்த அணியைவிட 13 கோல் அதிகம் அடித்தும் கடைசியில் நின்றது. பிக்ஃபோர்ட் போன இடத்தில் ஜேசன் ஸ்டீல், ராபின் ரூய்ட்டர், ஜனவரிக்குப் பிறகு லீ கேம்ப் என்று மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். யாருக்கும் நிம்மதியாக நாலு ஆட்டம் அமையவில்லை. பின்னால் நிற்கிறவன் மேல் நம்பிக்கை இல்லையென்றால் முன்னால் இருக்கிற நாலு டிஃபெண்டர்களும் தயங்குவார்கள், தயங்கினால் கோல் விழும், விழுந்தால் கோல்கீப்பர் இன்னும் தடுமாறுவார். இந்த வளையத்திலிருந்து அவர்கள் வெளியே வரவே இல்லை.

முன்னால் லூயிஸ் கிராபன் போர்ன்மத்திலிருந்து லோனில் வந்து 12 கோல் அடித்தார். ஜனவரியில் அவர் திரும்பிப் போய்விட்டார், பிறகு ஆஸ்டன் வில்லாவில் ஆடினார். பாதி சீசன் மட்டும் ஆடியவர் கடைசிவரை அணியின் அதிக கோல் அடித்தவராகவே இருந்தார் என்றால் மற்றவர்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். லோன் ஆட்களை நம்பிக் கட்டுகிற அணிக்கு ஜனவரி என்பது கண்டம்.

அப்புறம் அந்த 16 டிரா. மூன்றே மூன்று டிராவை வெற்றியாக மாற்றியிருந்தால் 43 புள்ளி வந்திருக்கும், போல்ட்டன் எடுத்ததும் 43தான், கோல் வித்தியாசத்தில் சண்டர்லாந்து முந்தியிருக்கும். பிப்ரவரியில் பிரிஸ்டல் சிட்டியில் முதல் பாதியில் 0-3 என்று இருந்து 3-3 ஆக்கினார்கள். தைரியம் இல்லாத அணி அதைச் செய்யாது. ஆனால் அந்தத் தைரியத்துக்கு ஒரு புள்ளிதான் கிடைத்தது.

கேள்வி: எந்த ஆட்டத்தில் இறங்குவது உறுதியானது?

பதில்: 2018 ஏப்ரல் 21, பர்ட்டன் ஆல்பியனுக்கு எதிராக, சொந்த மைதானத்தில். பர்ட்டனும் அப்போது கீழே தவித்துக்கொண்டிருந்த சின்ன கிளப். பாடி மெக்நேர் கோலில் சண்டர்லாந்து முன்னால் இருந்தது, கடைசி சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். டேரன் பென்ட் வந்து சமன் செய்தார். 2011 ஜனவரியில் வில்லாவுக்குப் போகும்வரை இதே மைதானத்தில் சண்டர்லாந்துக்காகக் கோல் கோலாக அடித்துத் தள்ளிய அதே பென்ட். கூடுதல் நேரத்தில் லியாம் பாய்ஸ் இன்னொன்று, 1-2. முடிந்தது. பர்ட்டனும் அந்த சீசன் முடிவில் இறங்கிவிட்டது, அதனால் அந்த வெற்றி அவர்களையும் காப்பாற்றவில்லை. ஒரு வாரம் கழித்து கோல்மனையும் அனுப்பிவிட்டார்கள், கிளப் கைமாறும் செய்தியும் அதே நாளில் வந்தது.

கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் ரசிகர்கள் ஏன் விடவில்லை? நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தத் தொடர் 2018 டிசம்பரில் வந்தது. கிளப் திரும்ப எழுவதைப் படம் பிடிக்கலாம் என்று கேமராவைக் கொண்டுபோனவர்களுக்கு இப்படி ஒரு வருடம் கிடைத்தது.

ஏன் விடவில்லை என்றால், சண்டர்லாந்து கப்பல் கட்டிய ஊர், நிலக்கரி வெட்டிய ஊர். 1980களின் கடைசியில் கப்பல் தளங்கள் மூடப்பட்டன. ஊருக்குள்ளேயே இருந்த வேர்மவுத் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தின் மேல்தான் 1997இல் ஸ்டேடியம் ஆஃப் லைட் எழுந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளர்கள் கையில் வைத்திருக்கும் டேவி விளக்கின் பெரிய உருவம் ஒன்று இருக்கிறது. அப்பாவும் தாத்தாவும் மண்ணுக்கடியில் வேலை செய்த அதே இடத்தில் மகன் சனிக்கிழமை வந்து உட்காருகிறான். வேலை போனது, தொழில் போனது, அந்த ஊரின் பெயரை வாரம் ஒருமுறை நாடு முழுக்கச் சொல்ல வைப்பது இந்த அணி ஒன்றுதான். கடைசி இடத்தில் கிடந்த அந்த வருடமும் சராசரியாக 27,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

49,000 பேர் அமரும் மைதானத்தில் பாதி காலி என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அடுத்த வருடம், மூன்றாம் டிவிஷனில், 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்ட் ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் கோடையில் நடந்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். வெயிலில் வெளுத்து, சிவப்பு இருக்கைகள் எல்லாம் ரோஸ் நிறமாகிக் கிடந்தன, வருடக்கணக்கில் யாரும் மாற்றவில்லை. புது நிர்வாகம் இருக்கைகளை மாற்ற ஆரம்பித்தபோது ரசிகர்களே வந்து, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டும் வேலையில் இறங்கினார்கள். சம்பளம் இல்லாமல்.

கேள்வி: இப்படி அடுத்தடுத்து இரண்டு டிவிஷன் இறங்கிய வேறு அணி உண்டா?

பதில்: உண்டு. பிரீமியர் லீக் காலத்தில் ஸ்விண்டன் 1994, 1995. வுல்வ்ஸ் 2012, 2013. சமீபத்தில் லூட்டன் 2024, 2025. சண்டர்லாந்து கடைசி நாளில் 3-0 என்று ஜெயித்ததே, அந்த வுல்வ்ஸும் ஐந்து வருடம் முன்னால் இதே பள்ளத்தில் கிடந்த அணிதான். அவர்கள் மூன்றாம் டிவிஷனை அடுத்த வருடமே 103 புள்ளியோடு ஜெயித்து ஏறிவிட்டார்கள். சண்டர்லாந்துக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

கேள்வி: பெண்கள் அணி என்ன ஆனது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. லூசி பிரோன்ஸ், ஸ்டெஃப் ஹவ்டன், ஜில் ஸ்காட், பெத் மீட் என்று இங்கிலாந்து அணிக்கே முதுகெலும்பாக இருந்தவர்களை வளர்த்த கிளப் இது. அதே 2018இல் பெண்கள் லீக்குகள் மாற்றியமைக்கப்பட்டபோது மேல் இரண்டு டிவிஷனிலும் உரிமம் கிடைக்காமல் அந்த அணியும் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அவர்கள் ஆடித் தோற்று இறங்கவில்லை. ஆண்கள் அணியின் வீழ்ச்சி பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசாதது எனக்கு வருத்தம்.

கேள்வி: திரும்ப மேலே வர எவ்வளவு காலம் ஆனது?

பதில்: மூன்றாம் டிவிஷனில் நாலு வருடம். கிளப்பின் வரலாற்றில் அதற்கு முன் அங்கே ஆடியது 1987-88 என்ற ஒரே ஒரு சீசன்தான். 2019இல் பிளே-ஆஃப் இறுதியில் சார்ல்டன் 94ஆவது நிமிடத்தில் கோல் அடித்து 2-1 என்று ஜெயித்தபோது, இனி இவர்கள் எழ மாட்டார்களோ என்றுகூட நினைத்தேன். 2021 பிப்ரவரியில் கிரில் லூயி-டிரேஃபஸ் கிளப்பின் பொறுப்புக்கு வந்தார், இளம் ஆட்களை வாங்கி வளர்ப்பது என்று ஒரு வழியைப் பிடித்து அதிலேயே நின்றார்கள். 2022இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் விகோம்பை 2-0 என்று ஜெயித்து சாம்பியன்ஷிப்புக்கு வந்தார்கள். 2025 மே 24, மறுபடி வெம்பிளி, ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக 2-1 என்று ஜெயித்துப் பிரீமியர் லீக்குக்கே திரும்பினார்கள். இறங்கியதிலிருந்து எட்டு வருடம்.

அன்றைக்குக் கேப்டன் டான் நீல், கோல்கீப்பர் ஆண்டனி பாட்டர்சன், இரண்டு பேரும் அந்தப் பக்கத்துப் பையன்கள். பர்ட்டனிடம் தோற்ற அந்த ஏப்ரலில் இருவரும் கிளப்பின் அகாடமியில் இருந்தவர்கள். வெற்றி கோல் 95ஆவது நிமிடம், அடித்தது 19 வயது டாமி வாட்சன், அவரும் அகாடமிதான். பிக்ஃபோர்டை விற்ற மாதிரி அவரையும் ஏற்கெனவே பிரைட்டனுக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக அந்தச் சட்டையைப் போட்ட நாளில் அடித்தார்.